கேக்கில் எழுதாத கணக்கு

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கையால் அலங்கரித்துச் செய்யும் கேக்குக்கு நியாயமான விலை எது என்பதுதான் அன்றைய அரங்கின் தலைப்பு. அணிச்சல் என்று எழுதினால்தான் அழகு என்று பத்திரிகை நண்பர்கள் சொல்வார்கள். பேசும்போது என் வாயில் கேக் என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பாளராகிய நான் வழக்கமாக ஐந்து நிமிடம் பேசிவிட்டு ஒலிவாங்கியை மற்றவர்களிடம் கொடுத்துவிடுவேன். அன்று அப்படி முடியவில்லை. காரணம், இந்த விஷயத்தில் நானே ஒரு குற்றவாளி.

என் மகளின் பிறந்தநாளுக்கு பெஸ்தாரி ஜெயாவில் இருக்கும் ஓர் அக்காவிடம் கேக் சொல்லியிருந்தேன். 2007-க்கு முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் சொன்ன அதே ஊர்தான். இரண்டு கிலோ கேக், மேலே சர்க்கரைப் பசையில் செய்த ரோஜாப்பூக்கள், நடுவில் ஒரு மயில். மயிலின் தோகையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக வைத்தது. விலை 90 வெள்ளி என்றார். "நம்ம ஆளுதானேக்கா, பார்த்துப் போடுங்க" என்றேன். உடனே 80 ஆக்கிவிட்டார். எனக்கு ஒரே மகிழ்ச்சி.

அரங்கு நிகழ்ச்சிக்குத் தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான் அந்தக் கேக்கின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் உத்தேசக் கணக்குதான்; வீட்டில் கேக் செய்பவர்கள் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். மாவு, வெண்ணெய், முட்டை, சீனி, கிரீம், சாயம், அடியில் வைக்கும் அட்டை, பெட்டி எல்லாம் சேர்த்து 65 வெள்ளி. கேஸ், மின்சாரம் 6 வெள்ளி. ஆக 71. மாவு கலக்குவதிலிருந்து கடைசிப் பூவை ஒட்டுவது வரை கைவேலை மட்டும் 7 மணி நேரம். அடுப்பில் வேகும் நேரத்தையும் ஆறும் நேரத்தையும் நான் சேர்க்கவில்லை. 90 வெள்ளிக்கு விற்றிருந்தால் அவர் கைக்கு நின்றது 19 வெள்ளி. நான் பேரம் பேசி 80-க்கு வாங்கியதால் 9 வெள்ளி. மணிக்கு ஒரு வெள்ளி முப்பது காசுகூட இல்லை.

நம் நாட்டில் குறைந்தபட்ச சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கி, படிப்படியாக ஏறி, 2025-ல் 1,700 வெள்ளியானது. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று வகுத்தால் மணிக்கு 8 வெள்ளி 70 காசை ஒட்டி வருகிறது. சொந்தமாகத் தொழில் செய்பவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாதுதான். ஆனாலும் ஓர் அளவுகோல் வேண்டுமே? அந்த அளவில் 7 மணி நேரத்துக்கு 61 வெள்ளி. சாமானோடு சேர்த்தால் 132. உடைந்து போகும் பூ, தேய்ந்து போகும் கருவி, கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் என்று பத்து விழுக்காடு சேர்த்தால் 145. இதில் இலாபம் என்ற ஒன்று இன்னும் வரவேயில்லை.

"சாமான் விலையை மூன்றால் பெருக்கு, அதுதான் விலை" என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அரங்கில் ஒரு சகோதரியும் அதைச் சொன்னார். கேட்க எளிமையாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. மேலே ஒன்றுமில்லாத வெண்ணெய் கேக்குக்கும், நாற்பது ரோஜா வைத்த கேக்குக்கும் சாமானில் பெரிய வித்தியாசம் கிடையாது. கொஞ்சம் சீனிதான் கூடுதல். வித்தியாசம் முழுக்கக் கையில் இருக்கிறது. சாமானைப் பெருக்கினால் கை அந்தக் கணக்கில் எங்கே வரும்?

சரி, அந்த அக்கா ஏன் தன் நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை? அவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கூட்டுறவு, கூட்டுச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவு எல்லாவற்றையும் ஒற்றைக் காசு பிசகாமல் நடத்துகிறவர். இதற்கு விடை தேடித்தான் நான் தோட்டப்புற வரலாற்றுக்குள் போனேன்.

பால்மரம் சீவுவது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பதை என் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பட்டையை மெல்லிய இழையாகச் சீவ வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும், பிறகு வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அதையும் விடியாத இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களுக்கு ஒரே அளவில் செய்ய வேண்டும். கேக்கின் மேல் பூ இழுக்கும் கைக்கும் இந்தக் கைக்கும் அதிக தூரமில்லை என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கைக்கு விலை வைத்தது யார், எப்படி? 1920-களில் மலாயா அரசாங்கம் இந்தியத் தொழிலாளர்களுக்கு 'நிலையான கூலி' என்று ஒன்றை நிர்ணயித்தது. முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதைக் கணக்கிட்ட முறைதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு தமிழ்த் தொழிலாளி உயிரோடு இருந்து வேலைக்கு வர என்ன செலவாகும் என்று பட்டியல் போட்டார்கள். அரிசி, பருப்பு, உப்பு, கறிச்சாமான், கருவாடு, எண்ணெய், துணிமணி. அதன் கூட்டுத்தொகையை ஒட்டித்தான் கூலி. கத்தி பிடிக்கும் திறமைக்கு அந்தப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. பெண்ணின் ஒரு நாள், ஆணின் ஒரு நாளில் ஐந்தில் நான்கு பங்கு என்றும் அதிலேயே எழுதிவிட்டார்கள்.

அதே காலத்தில் தோட்டங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரும்பாலும் குத்தகைக்காரர் மூலம் வந்தார்கள். இவ்வளவு வேலைக்கு இவ்வளவு பணம் என்று முன்கூட்டியே பேசினார்கள். அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்தது. ஒருவருக்கு வேலையின் விலை, இன்னொருவருக்கு வயிற்றின் விலை. ஒரே தோட்டம், ஒரே ரப்பர்.

1930-களின் பொருளாதார மந்தத்தில் நம்மவர்களின் கூலி வெட்டப்பட்டது. 1936 இறுதியில் வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்து பார்த்து, பழைய கூலியைத் திரும்பத் தரும்படி பரிந்துரைத்தார். 1937-ல் 50, 40 காசுக்கு உயர்ந்தது, மறு வருடமே மறுபடி இறங்கியது. 1938 ஜூன் மாதம் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை இந்தியா நிறுத்திவிட்டது.

1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த வேலைநிறுத்தத்தை நம் வாசகர்கள் பலர் அறிவார்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தை நடத்திய ஆர்.எச். நாதன், 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். சிலாங்கூரில் தோட்டம் தோட்டமாகப் போராட்டம் பரவியது. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் முறைதவறி நடப்பது நிற்க வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளில் ஒன்று, சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே கூலி. அதாவது, எங்கள் வயிற்றை அளக்காதே, வேலையை அளந்து கொடு என்பது. மே மாதம் நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள். இராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்லி, "ஆகவே வெள்ளைக்காரன்தான் காரணம்" என்று முடித்துக்கொண்டால் கைதட்டல் கிடைத்திருக்கும். ஆனால் அது பாதிக் கதைதான். மீதிப் பாதி நம் லயத்துக்குள் இருக்கிறது.

லயத்தில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முறுக்கு சுடவும் அதிரசம் தட்டவும் எல்லா வீட்டுப் பெண்களும் வந்துவிடுவார்கள். யாரும் கூலி கேட்டதில்லை. கேட்டால் அது அவமானம். வீட்டுக்காரர் மாவும் எண்ணெயும் வாங்கி வைப்பார், கை சும்மா வரும். ஆனால் உண்மையில் அது சும்மா இல்லை. இன்று நான் உன் வீட்டில் சுடுகிறேன், அடுத்த மாதம் என் பெண்ணுக்குச் சடங்கு, நீ வருவாய். கணக்குப் புத்தகம் இல்லாத கணக்கு அது. யார் வந்தார், யார் வரவில்லை என்று பாட்டிமார்களுக்கு மனப்பாடம்!

அந்தத் தோட்டங்கள் இப்போது எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. நைகல் கார்ட்னர், மேரி, சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக எத்தனை ஆண்டுகள் காத்திருந்தார்கள் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. லயம் கலைந்தபோது ஒரே வரிசையில் இருந்தவர்கள் ரவாங்குக்கும் ஈஜோக்குக்கும் ஷா ஆலாமுக்கும் சிதறினார்கள். உன் வீட்டுக்கு நான், என் வீட்டுக்கு நீ என்ற அந்தச் சுற்று அறுந்தது. ஆனால் "சாமான் காசு மட்டும் கொடு" என்ற பழக்கம் மட்டும் அறுபடாமல் கூடவே வந்துவிட்டது. நான் அந்த அக்காவிடம் பத்து வெள்ளி குறைத்தேனே, பதிலுக்கு அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் நான் ஒரு பாத்திரமாவது கழுவினேனா? இல்லை. உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு, உறவின் செலவை மட்டும் அவர் தலையில் போட்டேன்.

இதைப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம். பெயரிலேயே தமிழ் இருக்கிறது. ஹென்றி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-ல் அங்கேதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைப் போட்டார். பின்னாளில் நாவல் எழுதி 1930-ல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கினார். இன்று கேக் செய்பவர்கள் பயன்படுத்தும் மார்ஜரினிலும், பூ உருகாமல் நிற்கக் கிரீமில் சேர்க்கும் கொழுப்பிலும் பெரும்பாலும் செம்பனை எண்ணெய்தான். அந்த எண்ணெய்க்கு 1980 முதல் கோலாலம்பூரில் முன்பேர வணிகச் சந்தை இருக்கிறது. சந்தை திறந்திருக்கும் நேரமெல்லாம் அதன் விலை திரையில் ஓடும். சீனிக்கு அரசாங்கமே உச்ச விலை வைத்திருக்கிறது. விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1946-லேயே வந்துவிட்டது, 2011-ல் அதற்குப் பதில் புதுச் சட்டம். கேக்கில் சேரும் ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஒருவர் விலை எழுதி வைத்திருக்கிறார். மயில் தோகைக்கு மட்டும் விலையை அந்த அக்காவேதான் எழுத வேண்டும், அவரோ எழுதுவதில்லை.

அரங்கில் ஓர் ஐயா எழுந்து, "நீங்கள் சொல்லும் 145 வெள்ளியைத் தோட்டத்துப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு யாரம்மா கொடுப்பார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வாங்குகிறவருக்கும் நியாயம் வேண்டும். அதற்கு வழி உண்டு. 90 வெள்ளிதான் இருக்கிறது என்றால் ஒரு கிலோவில், மயில் இல்லாமல், ஐந்து பூவோடு, இரண்டு மணி நேர வேலையில் ஒரு கேக் செய்யலாம். குறைய வேண்டியது பூ. மணிக்கூலி அல்ல. பேரங்காடிக் கேக்கைக் காட்டி, "அங்கே அறுபதுதான்" என்பவர்களிடம் ஒன்று சொல்லலாம்: அங்கே ஒரே அச்சில் நூறு போடுகிறார்கள், அதில் உங்கள் மகளுக்குப் பிடித்த மயில் இருக்காது. அது வேண்டாமென்றால் பேரங்காடிக் கேக்கே போதும், அதில் தவறொன்றும் இல்லை. தையல்காரரிடம் துணியின் விலைக்கு மட்டும் சட்டை கேட்கிறோமா?

இந்த விஷயத்தில் பெண்களுக்கே உள்ள ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். பந்தல் போடும் அண்ணன் கூலி சொல்லும்போது நாம் முகம் சுளிப்பதில்லை. கேக் செய்யும் அக்கா விலை சொன்னால், "வீட்டில் சும்மா இருக்கும்போது செய்வதுதானே" என்கிறோம். 40 காசுக் கூலி சட்டப்படி என்றோ ஒழிந்துவிட்டது. இன்று அதைக் கேட்பது நாமேதான்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான வாரம் அந்த அக்காவைப் பார்க்கப் போனேன். குறைத்த பத்து வெள்ளியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திக் கையில் திணித்தேன். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அடுத்த கேக்குக்கு இருவரும் கணக்கு எழுத உட்கார்ந்தோம். மாவு, முட்டை, பெட்டி, ரிப்பன் என்று காசு விடாமல் எழுதினார். ஒன்றரை வெள்ளி மெழுகுவர்த்தியைக்கூட விடவில்லை. "உங்க வேலை நேரம்?" என்றேன். "அதுக்கென்னம்மா கணக்கு" என்று சிரித்தார். நானே 7 மணி நேரம் என்று எழுதினேன். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அதை அடித்துவிட்டு 5 என்று எழுதினார்.

"மிச்ச ரெண்டு மணி நேரம் பூ செஞ்சது. அது டிவி பார்த்துக்கிட்டே செஞ்சதும்மா. அதெல்லாம் ஒரு வேலையா?"