வன்னியும் விஞ்ஞானக் கல்வியும்

குளங்கட்டி நீரைத் தேக்குவதனால் மட்டும் விளைவு வந்துவிடாது. வாய்க்கால் வெட்டி அந்நீரை வயலிற் சேர்த்தலும் வேண்டும். இதனை வன்னி மக்கள் நன்கறிவர். கல்வியுதவியின் வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. உதவிப்பணமும் பல்கலைக் கழக இடமும் தேங்கிய நீர் போல்வன. அவற்றை மாணவனிடம் கொண்டு சேர்ப்பன ஊர்ப் பாடசாலையும் அண்மையில் அமைந்த உயர்கல்வி நிலையமுமேயாம்.

இத்துறையில் முதன்முயற்சி கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவினுடையது. அவர் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டு வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதல் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக் கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்தன; ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அவற்றின் விடுதிகளில் தங்கிக் கற்றனர். ஆயினும், விஞ்ஞானம் பயிலக் கட்டண விலக்கு மட்டும் போதாது. ஆய்வுகூடம் வேண்டும், பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்கவல்ல ஆசிரியர் வேண்டும். இவை பெரிதும் நகரக் கல்லூரிகளிலேயே அமைந்திருந்தன.

1974ஆம் ஆண்டிற் பல்கலைக் கழக அனுமதியில் மாவட்டப் பங்கீடு புகுத்தப்பட்டது. யாழ்ப்பாண மாணவர் பலருக்குப் பேரிழப்பாய் முடிந்த அம்முறை, பின்தங்கிய வன்னிக்கு ஒரு வாயிலைத் திறந்தது என்பதையும் வரலாறு மறைத்தலாகாது. காலப்போக்கிற் பங்கீடு பலமுறை திருத்தப்பட்டு, நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என அமைந்தது. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய மூன்றும் பின்தங்கியவற்றுள் அடங்கும். வறிய மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் துணையாயிற்று. எனினும், இவ்விரு உதவிகளும் உயர்தர வகுப்பைக் கடந்து வந்தவனுக்கே பயன்படுவன. விஞ்ஞான வகுப்பே இல்லாத ஊரில் அவற்றைப் பெறுவார் யார்?

அமெரிக்க நாட்டிற் சமுதாயக் கல்லூரியில் ஈராண்டு கற்றவர், பின்னர்ப் பல்கலைக் கழகத்துக்கு மாறி விஞ்ஞானப் பட்டம் பெறும் வழக்கம் உண்டு. அதனோடு ஒப்பிடத்தக்க படிக்கட்டொன்று 1991ஆம் ஆண்டு வவுனியாவில் அமைந்தது. அதுவே யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தோடு இணைந்த வட மாகாணப் பல்கலைக் கழகக் கல்லூரி. ஈராண்டு டிப்புளோமாக் கல்வியை நோக்கமாகக் கொண்டு நாட்டின் பல பாகங்களில் நிறுவப்பட்டவற்றுள் இஃதொன்று. 1997 ஏப்ரலில் இது வவுனியா வளாகமாக உயர்ந்து, பிரயோக விஞ்ஞான பீடத்தையும் வியாபாரக் கற்கைகள் பீடத்தையும் பெற்றது. 2021 ஓகத்து முதலாந் திகதி தனிப் பல்கலைக் கழகமாயிற்று. ஆங்கே மாணவன் நிலையம் மாறுகின்றான். ஈங்கோ நிலையமே மாணவனுக்காக உயர்ந்தது.

இவ்வளர்ச்சி அமைதிக் காலத்தில் நிகழ்ந்ததன்று. 1990ஆம் ஆண்டு கிளிநொச்சியில் தோன்றிய விவசாய பீடம் போரினாற் பெயர்ந்து, பல்லாண்டுகளின் பின்னரே மீண்டது. 2009 ஓகத்தில் இடம்பெயர்ந்த மாணவர் செட்டிகுளம் முகாம்களிலிருந்தே உயர்தரப் பரீட்சை எழுதினர். நூலும் வீடும் இழந்த நிலையிலும் பரீட்சைத் தாளை விடாத அம்மாணவரின் உறுதி எந்நிதியாலும் விலைக்குக் கொள்ளத்தக்கதன்று. போர் ஓய்ந்தபின் கிளிநொச்சி அறிவியல்நகரிற் பொறியியல் பீடமும் எழுந்தது.

இன்று வன்னியிற் பல்கலைக் கழகம் உண்டு; பீடங்கள் உண்டு; பங்கீடும் உதவிப்பணமும் உண்டு. குளம் நிறைந்துளது. இனி ஆராயவேண்டுவது கடைமடை வயலின் நிலையையே. ஓட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் பயிலும் ஒரு பிள்ளை தன் ஊர்ப் பாடசாலையிலேயே ஆய்வுகூடத்தையும் கணித ஆசிரியரையும் காணுமாயின், மற்றைய உதவிகள் யாவும் தாமே பயன் தரும். காணாதாயின், நிறைந்த குளத்தருகே வாடிய பயிரே எஞ்சும்.