குசினிச் சுவர் கோணலான கதை

மட்டக்களப்புப் பக்கம் ஒரு வீட்டின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள உறுதியை விரித்துப் பார்க்கத் தேவையில்லை. குசினிச் சுவரில் ஒரு தூக்குநூலைப் பிடித்தால் போதும். ஒரு மூலையில் மேலே சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிற நூல் கீழே முக்கால் அங்குலம் விலகி நிற்கும். மற்ற மூலைக்குப் போனால் நேர்மாறு, அங்கே சுவரின் அடி முன்னுக்கு வந்து நூலைத் தள்ளும். நடுவில் சுவருக்கு ஒரு வயிறு இருக்கும். இவ்வளவு காலமும் இதை யாரும் ஒரு குறையாகப் பேசவில்லை. பேச வைத்தது பன்ரி கபட்தான். (‘ரி’ தவறி ‘றி’ ஆகிவிடக் கூடாதெண்டு மூன்று தரம் வாசித்துத் திருத்தியிருக்கிறோம். விளம்பரப் பலகை எழுதுகிறவர்களும் கவனம்!)

கொஞ்ச வருடமாக எங்கட ஊர்களில் வீடு திருத்துகிற எல்லோரும் பன்ரி அடிக்கிறார்கள். அடிக்கிறபோது சண்டையும் வருகிறது. கதவு ஒன்றுக்கொன்று உரசுது, சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் விரல் போகிற இடைவெளி, அதில் கரப்பான். வீட்டுக்காரர் ஓடாவியைக் குறை சொல்வார், ஓடாவி மேசனைக் குறை சொல்வார், மேசன் பாஸ் இப்ப கட்டாரில. ஆனால் இந்தச் சுவர்கள் ஏன் இப்படி இருக்கின்றன, அலுமாரி ஏன் திடீரென்று நேரான சுவர் கேட்கிறது என்று கேட்டுப் பார்த்தால் விசயம் ஓடாவியையும் மேசனையும் தாண்டிப் போகிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். குசினி போர்த்துக்கேயச் சொல். அலுமாரியும் அப்படியே. மேசை, வாங்கு, ஜன்னல், சாவி எல்லாம் அதே கப்பலில் வந்திறங்கியவை. 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மேசனுக்குப் பின்னால் நாங்கள் ஒட்டுகிற ‘பாஸ்’ ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. கோட்டை கைமாறினாலும் போர்த்துக்கேய மொழி போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் அது இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்தச் சமூகம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில்களில் தச்சுவேலை முக்கியமானது. அலுமாரி என்ற சொல்லையும் அலுமாரி செய்கிற கையையும் ஒரே சமூகம் காப்பாற்றி வைத்திருந்த இடம் எங்களுடையது. ஆராய்ச்சியாளர்கள் அவர்களின் மொழியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்களின் உளியைப் பற்றி அந்தளவுக்கு யாரும் எழுதவில்லை என்பது எங்களுக்கு ஒரு மனக்குறை.

அந்த அலுமாரிக்கு நாலு கால் இருந்தது. தரை கோணலென்றால் ஒரு காலுக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டைத் துண்டோ பலகைச் சில்லோ வைத்தால் சரி. சுவரைத் தொடாமல் நாலு விரல் விலகி நிற்கும், பின்னால் காற்றுப் போகும், கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். அதற்கு முந்தைய அடுக்களையில் சட்டி பானை உறியில் தொங்கியது. உறி தொங்கியது வளையில். நெல்லும் தேங்காயும் பரணில், அடுப்புப் புகை பட்டுக்கொண்டு இருந்தன. அம்மி தரையில். யோசித்துப் பாருங்கள், இவற்றில் ஒன்றுகூடச் சுவரிடம் எதையும் கேட்கவில்லை. சுவர் மழைக்கும் நாய்க்கும் மறைப்பு, அவ்வளவுதான். வரிச்சுக் கட்டிக் களிமண் அப்பிய சுவர் நேராக இருக்கவேண்டிய தேவை என்ன?

சுவரிடம் வேலை கேட்ட முதல் குசினி வேறு ஊரில் பிறந்தது. 1926இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைஞர் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு சின்னக் குசினியை வரைந்தார். ஏறத்தாழ 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். அலுமாரியும் மேடையும் சுவரோடு சேர்த்தே பொருத்தப்பட்டவை. பெண்ணின் நடையைக் குறைப்பதுதான் நோக்கம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது போடப்பட்டது. இங்கே கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது: அங்கே சுவரும் அலுமாரியும் ஒரே தாளில், ஒரே அளவில், ஒரே காலத்தில் பிறந்தவை. இன்றைக்கு எங்கள் ஓடாவி கைபேசியில் பார்த்துச் செய்கிற பன்ரி அந்தக் குசினியின் பேரப்பிள்ளை. ஆனால் அது வந்து ஒட்டவேண்டிய சுவருக்கு வேறு பரம்பரை.

அந்தப் பரம்பரையைச் சொல்லுவோம். 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை ஊரில் இப்பவும் ஆண்டு சொல்லாமலே சொல்லுவார்கள், “சூறாவளிக்கு முந்தி, சூறாவளிக்குப் பிந்தி” என்று. தென்னந்தோட்டங்கள் படுத்துவிட்டன. கிடுகுக் கூரையும் களிமண் சுவரும் எந்தக் காற்றுக்கு நிற்கும், எதற்கு நிற்காது என்று ஒரே இரவில் தெரிந்துபோனது. கையில் காசு சேர்ந்தவர்கள் சீமெந்துக் கல்லுக்குப் போனார்கள், அதுவும் ஒரே தரமாக அல்ல. இந்த வருடம் முன்னறை, இரண்டு வருடத்துக்குப் பிறகு உள்ளறை. குசினி மட்டும் பின்னால் களிமண்ணில் தனியாகக் கிடக்கும், ஏனென்றால் விறகடுப்புப் புகைக்கு அதுதான் தோது.

மறுகா யுத்தம் வந்தது. வாவிக்கு அங்கால, படுவான்கரையில், ஒரு மூடை சீமெந்தைச் சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு வேலைத்திட்டம். மண்முனையில் பாலம் திறந்தது 2014இல்தான். அதுவரை பாதையில் ஏற்றித்தான் கடக்கவேண்டும். (வெளியூர் வாசகருக்கு: பாதை என்றால் எங்களுக்குத் தண்ணீரில் மிதக்கிறது.) அப்படிக் கிடைத்த சீமெந்தை மண்ணோடு எவ்வளவுக்கு இழுக்கலாமோ அவ்வளவுக்கு இழுத்துத்தான் கல் அரிந்தார்கள். மண்ணும் தண்ணியும் உவர். உப்பு, சுவருக்குள் ஈரத்தோடு ஏறி, ஈரம் காயும்போது மேற்பரப்பில் பளிங்காகி, பூச்சைத் தள்ளும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்குப் பூச்சு பொருபொருவென்று உதிர்வது அதனால்தான். உதிர்ந்த இடத்தை வருடா வருடம் பூசினால் சுவருக்கு வயிறு வைக்காமல் என்ன செய்யும்? 2007இல் படுவான்கரைச் சனம் கூட்டமாக இடம்பெயர்ந்து திரும்பியபோது நின்ற சுவரை வைத்துத்தான் மீதியைக் கட்டினார்கள். பழைய சுவரும் புதிய சுவரும் சேர்கிற மூலை தொண்ணூறு பாகையில் இருந்தால் அது அதிசயம்.

எழுவான்கரையில் வேறு கதை. 2004 டிசம்பர் 26 நாவலடியையும் டச் பாரையும் துடைத்துவிட்டுப் போனது. நாங்கள் மேலே சொன்ன பறங்கிக் குடும்பங்கள் பல டச் பாரில்தான் இருந்தன. கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயிலின் கோபுரம் அன்று சாய்ந்ததுதான். கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் விதி போட்டார்கள், பிறகு தளர்த்தினார்கள். அதற்குள் பலர் திராய்மடு போன்ற புதுக் குடியிருப்புகளுக்குப் போயிருந்தார்கள். கொடையாளர் கட்டிய வீட்டுக்குக் குறைந்தது 500 சதுர அடி என்று கணக்கு. முழுதாக உடைந்த வீட்டைத் தாங்களே கட்டியவர்களுக்கு 250,000 ரூபாய், கட்டம் கட்டமாக. யுத்தத்துக்குப் பிந்திய இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய், அதுவும் கட்டம் கட்டமாக. அத்திவாரம், சுவர், கூரை என்று பார்த்துப் பார்த்துக் காசு தருவார்கள். காசு முடிகிற இடம் பெரும்பாலும் பூச்சும் குசினியும்தான்.

அந்த 500 சதுர அடிக்குள் வரைந்திருந்த குசினியில் விறகு எரிக்க முடியாது. ஆகவே சனம் பின்னால் ஒரு பத்தி இறக்கியது, உள்ளே இருந்த குசினி சாமான் அறையானது. பிறகு காஸ் வந்தது, பத்திக்குச் சுவர் வந்தது. அந்தச் சுவர்தான் இப்ப பன்ரியைச் சுமக்கப் போகிற சுவர்.

இதற்குள் இன்னொரு விசயம் இருக்கிறது. எங்கட பக்கம் வீடு பெண்ணுக்கு. தமிழரிலும் முஸ்லிம்களிலும் மகள் கலியாணம் முடிக்கும்போது வீடு சீதனமாகப் போகும். தாய் தகப்பன் பின்வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. பிரிட்டோ முக்குவர் சட்டத்தைத் தொகுத்து அச்சிட்ட அதே 1876இல் வந்த 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு அந்தப் பழைய சொத்துமுறை சட்டத்தில் செத்துப்போனது, வழக்கத்தில் சாகவில்லை. கடல் வந்த பிறகு பல திட்டங்கள் ‘குடும்பத் தலைவர்’ பெயருக்கு, அதாவது புருசன் பெயருக்கு, வீடு எழுதின. பெண்வழி வீட்டு முறைக்கு அது என்ன செய்தது என்று டெனிஸ் மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வருவது அதன் குசினிப் பக்கத்தை. சீதன வீடு ஒன்று ‘முடிஞ்சுது’ என்பதற்கு இப்ப அடையாளம் பன்ரி. “வீடு குடுத்தாங்க, பன்ரி அடிக்கல்லையாம்” என்று ஒரு மாமி சொன்னால் அது சும்மா சொல்லு இல்ல, ஒரு தாய் கிழமைக்கடன் எடுக்கக் காரணமாகலாம். அந்தக் கடனில் வருகிற பெட்டிதான் மூன்று மாதத்தில் தொங்கிப்போகுது.

நேரான சுவர் எங்களுக்கு வராமல் இல்லை. 2016 அளவில் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள், ஒன்று 21 இலட்சம் ரூபாய் மட்டில், என்று ஒரு திட்டம் பேசப்பட்டது. தூக்குநூல் பிடித்தால் ஒரு மயிரிழை விலகாத சுவராக இருந்திருக்கும். வெக்கை தாங்காது, விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்டுவது கடினம், அந்தக் காசுக்கு ஒன்றுக்கு மேல் கல்வீடு கட்டலாம் என்று எதிர்ப்பு வந்தது. சொன்ன அளவில் அது நடக்கவில்லை. கூட்டிக் கட்ட முடியாத வீட்டை இரண்டு மகள்மார் உள்ள தாய் என்ன செய்வாள்?

ஆகவே கோணல் சுவரோடுதான் வேலை. நல்ல ஓடாவியார் ஒருவர் எப்படிச் செய்வார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லுறம், காசு கொடுக்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். அவர் சுவரை நம்பித் தொடங்கமாட்டார். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் விட்டு இரண்டு முனையையும் பிடித்து, அறையைச் சுற்றி ஒரு மட்டக்கோடு போடுவார். லேசர் வந்துவிட்டது, ஆனால் தண்ணீர் பொய் சொல்லாது. அந்தக் கோட்டிலிருந்து கீழே அளந்தால் தரையின் மேடு எது, பள்ளம் எது என்று தெரியும். கழுவிவிடத் தோதாக எங்கள் குசினித் தரை எப்போதும் ஒரு பக்கம் சரிவுதான். கீழ்ப்பெட்டியின் உயரத்தை மேடான இடத்தில் குறித்து, மற்ற இடங்களில் காலைக் கூட்டவேண்டும். பள்ளத்திலிருந்து தொடங்கினால் மேட்டுக்கு வரும்போது பெட்டியை அறுக்க வேண்டிவரும்.

மூலையைப் பார்க்க மூன்றடி, நாலடி, ஐந்தடி. ஒரு சுவரில் மூன்றடி, மற்றதில் நாலடி குறித்து, குறுக்கே அளந்தால் சரியாக ஐந்தடி வரவேண்டும். வராது. எவ்வளவு வரவில்லையோ அவ்வளவும் மேடைப் பலகையில் தெரியும், ஆகவே மேடையை அளந்த பிறகுதான் வெட்டவேண்டும்.

மேல்பெட்டிதான் ஆபத்தானது. நீளமான நேர்ப்பலகை ஒன்றைச் சுவரோடு வைத்தால் வயிறு எங்கே, குழி எங்கே என்று தெரியும். முதல் பெட்டியை வயிற்றில் பொருத்தி, குழி உள்ள இடங்களில் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் சக்கை வைத்துத்தான் ஆணியை இறுக்கவேண்டும். சக்கை வைக்காமல் இறுக்கினால் ஆணி பெட்டியை குழிக்குள் இழுக்கும், சதுரம் முறுகும், மறுகா எந்தக் கதவும் மூடாது. முக்கால்வாசிச் சண்டைக்கு இதுதான் காரணம், பிணைச்சலைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. உப்பு ஏறிய பூச்சில் றோல் பிளக் நிற்காது. பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போகவேண்டும், கல்லும் மண்ணாக உதிர்ந்தால் பல கல்லில் பிடிக்கிற மாதிரி நீளமாக ஒரு முதிரைச் சட்டம் அடித்து அதில் கொழுவவேண்டும். அதுவும் பிடிக்காத சுவர் என்றால் மேல்பெட்டி வேண்டாம், நிலத்தில் நிற்கிற அலுமாரி போதும் என்று சொல்லுகிற ஓடாவியை விட்டுவிடாதீர்கள். ஈரச் சுவரில் அமுக்குப் பலகை ஊதிப்போகும், அதனால்தான் வாவிக்கரையில் அலுமினியப் பன்ரி இவ்வளவு ஓடுகிறது. பார்க்க அழகில்லை என்பது எங்கள் கட்சி, ஆனால் ஊதாது.

கடைசி இடைவெளிக்குச் சிலிக்கன் பூசி மறைப்பது சோம்பேறி வேலை. ஒரு பட்டிப் பலகையை இடைவெளியில் நிறுத்தி, ஒரு சின்னக் கட்டையில் பென்சிலைச் சேர்த்துப் பிடித்துச் சுவரோடு மேலிருந்து கீழே உருட்டினால் சுவரின் வளைவு அப்படியே பலகையில் விழும். அந்தக் கோட்டில் அறுத்தால் பட்டி சுவரோடு போய் ஒட்டும். 1978க்குப் பிறகு கட்டிய பாதி, 2007க்குப் பிறகு கட்டிய பாதி, இரண்டும் சேர்கிற இடத்தில் பூசிய மேசனின் கை, எல்லாம் அந்தப் பென்சில் கோட்டில் இருக்கும்.

மேடை உயரத்தைக் குறிக்க முன்னம் அந்தக் குசினியில் சமைக்கப்போகிற புள்ளையைக் கூப்பிட்டு நிப்பாட்டுங்க. கடைக்காரர் 36 அங்குலம் என்பார். அது வேறு யாரோ ஒருவரின் உயரம்.