பழைய சோஃபாவுக்கு புது கவர் வாங்கப் போறீங்களா? ஆர்டர் போடும் முன் டேப்பை எடுங்க!

சோஃபா என்னவோ உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் ரெக்சின் உரிந்து, கருப்பு கருப்பாக தரையெல்லாம் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை பொண்ணு பார்க்க ஆள் வருவார்கள் என்றால் வெள்ளிக்கிழமையே வீட்டில் பஞ்சாயத்து தொடங்கிவிடும். சிங்கப்பெருமாள் கோவில், மறைமலைநகர் பக்கம் மஹிந்திரா சிட்டி வேலைக்காக வாடகைக்கு குடிவந்தவர்களுக்கு புது சோஃபா பெரிய செலவு. வீடு மாறும்போது அதை மாடியிலிருந்து இறக்குவது அதைவிட பெரிய தலைவலி. அதனால்தான் கவர் போதும் என்று முடிவெடுக்கிறார்கள். அது சரியாக உட்கார்ந்தால் லாபம். இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் போகும் இன்னொரு துணி மூட்டை.

ரெக்சின் ஏன் உரிகிறது?

ரெக்சின் என்று நாம் சொல்லும் செயற்கைத் தோலில் பலவற்றின் மேல் பூச்சு பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் பட்டுப்பட்டு அந்தப் பூச்சு சிதையும். சென்னை, செங்கல்பட்டு பக்கத்து புழுக்கத்துக்கு இது சீக்கிரமே நடக்கும். இதன் மேல் கவர் போட்டாலும் உதிர்வது நிற்காது, உள்ளேயே தேங்கும். எனவே உரிந்ததை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு, பழைய காட்டன் பெட்ஷீட் ஒன்றை விரித்து, அதன் மேல் கவரை மாட்டுங்கள். வழுக்கும் ரெக்சினில் கவர் நகராமல் இருக்கவும் அந்த பெட்ஷீட்டே உதவும்.

3 சீட்டர் என்பது அளவே இல்லை

பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். ரெடிமேட் ஸ்ட்ரெட்ச் கவர்களில் 3 சீட்டர் என்றால் பொதுவாக சுமார் 185 முதல் 230 செ.மீ. வரை, 2 சீட்டர் என்றால் 145 முதல் 185 செ.மீ. வரை இருக்கும். இரண்டு கைப்பிடிகளின் வெளி ஓரத்துக்கு இடையே டேப் வைத்து அளக்க வேண்டும். உட்காரும் இடத்தை மட்டும் அளந்தால் கவர் பத்தாது. 'எல்' வடிவ சோஃபாவுக்கு இரண்டு தனி கவர்கள் வேண்டும். ரிக்ளைனருக்கு தனி வகை கவர் வாங்க வேண்டும். தேக்கு கைப்பிடி வைத்த நம்ம ஊர் மர சோஃபாவுக்கு இந்த ஸ்ட்ரெட்ச் கவரே வேண்டாம். குஷனுக்கு மட்டும் ஜிப் வைத்து உறை தைத்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும், துவைக்கவும் எளிது.

துணியில் பாலியஸ்டருடன் ஸ்பாண்டெக்ஸ் 5 முதல் 10 சதவீதம் கலந்திருந்தால் நன்றாக இழுபடும். பெரிய பூ டிசைன் எடுத்தால் இழுக்கும்போது பூ கோணலாகிவிடும். ஒரே கலரில் ஜக்கார்டு நெசவு என்றால் சுருக்கம் அவ்வளவாக தெரியாது. கூடவே வரும் ஃபோம் குச்சிகளை குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். சீட்டுக்கும் சாய்மானத்துக்கும் இடையே அவற்றை செருகினால்தான் கவர் மேலே ஏறாது.

தைத்துக்கொள்வதா?

அளவெடுத்து தைப்பதற்கு ஈடு எதுவும் இல்லைதான். ஜிஎஸ்டி சாலையோர குஷன் ஒர்க்ஸ் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். 54 இன்ச் அகல துணி என்றால் 3 சீட்டருக்கு 9, 10 மீட்டராவது ஆகும். துணியை நீங்களே வாங்கித் தருவதாக இருந்தால் செங்கல்பட்டு லோக்கல் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனை கோடவுன் தெரு மொத்தக் கடைகளைப் பார்க்கலாம். காட்டன் என்றால் ஒரு முறை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, மாட்ட முடியாமல் போகும்.

உட்கார்ந்ததும் சீட் குழிந்து, அடிப்பலகை இடிக்கிறதா? அப்போது காசை கவரில் போடாமல் ஃபோமில் போடுங்கள். 32 டென்சிட்டி போதுமா, கனமான 40 வேண்டுமா என்று கடையில் அழுத்திப் பார்த்தே முடிவு செய்யலாம். குழிந்த சீட்டில் எந்தக் கவரும் சுருங்கித்தான் கிடக்கும்.

பில்லையும் பாருங்க

2025 செப்டம்பர் 22 முதல் இதுபோன்ற தைத்த ஜவுளிக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி (சாலை இல்லை, வரி!) 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். ஆன்லைனில் சொன்னது ஒன்று, வந்தது வேறு என்றால், 2020 இ-காமர்ஸ் நுகர்வோர் விதிகளின்படி விற்பவர் அதைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. ஆனால் நீங்கள் தப்பாக அளந்திருந்தால் இந்த விதி கைகொடுக்காது, அந்தக் கடையின் ரிட்டர்ன் பாலிசிதான் பேசும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள், மாட்டிப் பார்த்து திருப்தியாகும் வரை டேக்கை வெட்டாதீர்கள். கடைக்காரர் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்யலாம்.