ஓட்டமும் மனித உடலும்: சாயர்புரம் தேரி வரை

வேகத்தில் மனிதன் தோற்றுப்போன பிராணி. 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி முடித்தபோது அவருடைய சராசரி வேகம் மணிக்கு 37 கிலோமீட்டரைத் தாண்டியது. தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு சரணாலயத்தில் திரியும் வெளிமான் வெருண்டால் அதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். ஆனால் உச்சி வெயிலில் இருபது, முப்பது கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்றால் கதை மாறிவிடும். அந்தத் தாக்குப்பிடிக்கும் திறன் எப்போது வந்தது, எதற்காக வந்தது, மனித உடல் இப்படி அமைந்ததில் அதற்கு எவ்வளவு பங்கு என்பவைதான் மனிதப் பரிணாமத்தில் ஓட்டம் பற்றிய ஆய்வின் கேள்விகள்.

இவற்றை முறையாக எழுப்பியவர் அமெரிக்க உயிரியலாளர் டேவிட் கேரியர். 1984இல் வெளியான கட்டுரையில் அவர் ஒரு புதிரை முன்வைத்தார். ஓடும்போது மனிதன் செலவிடும் ஆற்றல், அதே எடையுள்ள நாலுகால் பிராணியைவிட அதிகம். இவ்வளவு செலவாளியான உடல் வேட்டைக்கு எப்படி உதவியிருக்கும்? அவர் கண்ட விடை, உடற்சூட்டைத் தணிப்பதில் இருந்தது. பாய்ந்தோடும் நாலுகால் பிராணிக்கு மூச்சும் பாய்ச்சலும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஓடிக்கொண்டே மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்ற அதனால் முடியாது. மனிதனுக்கோ மூச்சு காலடிக்குக் கட்டுப்பட்டதல்ல. மயிர் குறைந்த தோலும் இருபது முதல் நாற்பது லட்சம் வியர்வைச் சுரப்பிகளும் வேறு இருக்கின்றன. ஆகவே வெயிலில் விடாமல் விரட்டினால் மான் சூட்டில் தளர்ந்து நிற்கும், மனிதன் நிற்க மாட்டான்.

கேரியரின் ஆசிரியர் டென்னிஸ் பிராம்பிளும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மனும் இந்தக் கருத்தை எலும்புகளில் தேடினார்கள். தொடக்கம் வேடிக்கையானது. லீபர்மன் தம் ஆய்வுக்கூடத்தில் பன்றிகளை டிரெட்மில்லில் ஓட விட்டிருந்தார். தலையை நிலையாக வைத்துக்கொள்ளத் தெரியாமல் பன்றி ஆட்டி ஆட்டி ஓடியதைப் பார்த்த பிராம்பிள், அதற்குப் பிடரி நார் இல்லை என்று சுட்டிக்காட்டினார். மண்டையோட்டின் பின்புறத்தைக் கழுத்தெலும்புகளோடு இழுத்துப் பிடிக்கும் இந்த நார் நாய்க்கும் குதிரைக்கும் முயலுக்கும் உண்டு, சிம்பன்சிக்கு இல்லை. மனிதனுக்கு உண்டு. அது ஒட்டியிருந்த இடத்தில் மண்டையோட்டில் ஒரு சிறு வரம்பு எழும்பி நிற்கும் என்பதால், புதைபடிவங்களிலும் அதைத் தேட முடிந்தது. மனிதனுக்கு முந்தைய ஆஸ்திரலோபித்தேகஸ் மண்டையோடுகளில் அந்த வரம்பு தென்படவில்லை. நாம் சேர்ந்த ஹோமோ இனத்தில் தென்பட்டது.

2004 நவம்பரில் நேச்சர் இதழில் இருவரும் வெளியிட்ட கட்டுரை இத்தகைய கூறுகளை வரிசைப்படுத்தியது. நீண்ட குதிகால் நாண், குட்டையான கால்விரல்கள், தலையோடு சேர்ந்து திரும்பாமல் தனியே அசையும் தோள், உட்காதில் சமநிலை காக்கும் பெரிய அரைவட்டக் குழாய்கள் எல்லாம் அதில் வருகின்றன. பிட்டத்துப் பெருந்தசையின் சாட்சி இவற்றைவிடத் தெளிவானது. சமதரையில் நடக்கும்போது அது ஏறக்குறைய சும்மா இருக்கிறது. ஓடத் தொடங்கியதும் உடல் முன்னால் கவிழாமல் பிடித்து நிறுத்துகிறது. இக்கூறுகள் சுமார் இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஹோமோ இனத்தோடு சேர்ந்து வந்தவை என்பது அவர்களுடைய முடிவு. நடைக்காக வந்த மாற்றங்களின் உபரியே ஓட்டம் என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது. அதே 2004இல்தான் வேல்ஸ் நாட்டில் 1980 முதல் நடந்துவந்த மனிதன் எதிர் குதிரை நெடுந்தொலைவுப் பந்தயத்தில் முதன்முறையாக ஒரு மனிதர் வென்றார். இது தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மரபணுப் பக்கத்திலிருந்து வந்த சான்றுக்கு ஒரு வேலூர்த் தொடர்பு உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் கலிபோர்னியாவில் ஆய்வு செய்த அஜித் வர்க்கியின் குழு, மனித மூதாதையரிடம் இருபது, முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் செயலிழந்துபோன ஒரு மரபணுவை எலிகளிலும் முடக்கிப் பார்த்தது. 2018இல் வெளியான முடிவின்படி அந்த எலிகள் களைப்பின்றிக் கூடுதல் தூரம் ஓடின.

உடலால் முடியும் என்பதற்குச் சான்று வலுவானது. உண்மையில் ஓடித்தான் வேட்டையாடினார்களா என்பதில்தான் சண்டை. 2006இல் ஆய்வாளர் லூயி லீபன்பர்க், கலஹாரிப் பாலையில் சான் வேட்டைக்காரர்கள் 40 டிகிரி வெயிலில் கூடு என்னும் மானை மணிக்கணக்கில் துரத்தி வீழ்த்துவதைப் பதிவு செய்தார். அது அரிதான வழக்கம், ஆதி மனிதர் வாழ்ந்த சூழலுக்குப் பொருந்தாது என்று 2007இல் ஆய்வாளர்கள் பிக்கரிங்கும் பன்னும் மறுத்தார்கள். 2024இல் மோரினும் வின்டர்ஹால்டரும் 16ஆம் நூற்றாண்டு முதலான பயணக் குறிப்புகளிலிருந்தும் இனவரைவியல் நூல்களிலிருந்தும் ஏறக்குறைய நானூறு விவரிப்புகளைத் திரட்டிக் காட்டியபின் "அரிது" என்ற வாதம் மெலிந்துவிட்டது. ஆனால் இவை அண்மை நூற்றாண்டுகளின் மனிதர்களைப் பற்றியவை. இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய வேட்டைக்கு நேர்ச் சாட்சி ஆகா.

தமிழ்நாட்டில் இக்கதையின் பழைய முனை அத்திரம்பாக்கம். சாந்தி பப்பு குழுவினர் 2011இல் அங்குள்ள கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது கணித்தார்கள். கற்களோடு விலங்குகளின் பற்களும் குளம்புத் தடம் போன்ற பதிவுகளும் கிடைத்தன. மனித எலும்பு கிடைக்கவில்லை. ஆகவே அக்கோடரிகளைச் செய்தவர்களின் காலையோ பிடரியையோ அளந்து பார்க்க வழியில்லை.

இளைய முனைகளில் ஒன்று சாயர்புரம். தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள இவ்வூரைத் தமிழுலகம் 1842இல் இங்கே இறைப்பணிக்கு வந்த ஜி. யு. போப்பை வைத்தே அறியும். தொல்லியலாளர்களுக்கு இது செம்மணல் தேரியில் கிடைத்த நுண்கற்கருவிகளின் ஊர். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களை ஆய்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே கருவிகளைக் கண்டார். 1945இல் சென்னை அருங்காட்சியகத்தின் ஏ. ஐயப்பன் சாயர்புரத்துக் கருவிகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். 1956இல் சோய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி முதலிய தேரித் தலங்களை ஒன்றாக வைத்து ஆராய்ந்து, பழைய கடல்மட்டங்களைக் கொண்டு கி.மு. 4000 அளவில் காலம் குறித்தார்கள். பிற்பாடு வந்த ஒளிர்வு முறைக் கணிப்புகள் தேரியின் சில அடுக்குகளைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னே தள்ளியுள்ளன.

கருவிகள் செர்ட், குவார்ட்ஸ் கற்களில் செய்தவை. பல விரல்நகத்தளவே. பிறை வடிவச் சில்லின் வளைந்த முதுகு வேண்டுமென்றே மழுக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் பிசின் வைத்துத் தண்டில் பதித்தால் கூரிய நேர்விளிம்பு வெளியே நிற்கும். இருபுறமும் அழுத்திச் சீவிய முனைகளும் உண்டு. இந்தியாவில் அவ்வளவாகக் காணப்படாத இம்முனைகளுக்கு இலங்கையின் பண்டாரவளைக் கருவிகளே நெருங்கிய உறவு. அம்புமுனையாக இவை பயன்பட்டிருந்தால், துரத்திக் களைக்க வைக்கும் வேலையை அம்பு பங்குபோட்டுக்கொண்டது என்று பொருள். மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இலங்கையின் ஃபாஹியன் குகையில் 48,000 ஆண்டுப் பழமையான எலும்பு முனைகள் கிடைத்துள்ளன. அங்கே பெரும்பாலும் குரங்கும் அணிலும் இரையாயின. மரத்தில் இருக்கும் இரையை ஓடிப் பிடிக்க முடியாது.

சாயர்புரத்துத் தேரியும் ஓட்டத்துக்கு ஏற்ற களமல்ல. இளமணலில் ஓடக் கெட்டித் தரையைவிட 1.6 மடங்கு ஆற்றல் செலவாகும் என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்தார்கள். கடற்கரையின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் உலராது. வியர்வை உலராவிட்டால் மனிதனுக்குள்ள முதல் அனுகூலமே போய்விடும். துரத்து வேட்டைக்கு இம்மாவட்டத்தில் பொருத்தமான நிலம் என்றால் உள்நாட்டில் வல்லநாட்டுப் பக்கத்து வறண்ட வெளியைத்தான் சொல்ல வேண்டும். அங்கே அப்படி வேட்டை நடந்ததற்குத் தடயம் எதுவும் இல்லை. காயல்களின் அருகே மீனும் நீர்ப்பறவையும் பிடித்து வாழ்ந்தோரின் தங்கிடங்களாகவே ஆல்ச்சின் இத்தேரித் தலங்களைக் கருதினார். மணல்மேட்டில் கல் விளையாது. அங்கே கிடக்கும் ஒவ்வொரு சில்லும் வேறிடத்திலிருந்து சுமந்து கொண்டுவரப்பட்ட கல்லில் உடைந்ததே.