வரம்பும் காப்பெல்லையும்

வயலைச் சூழ்ந்த மண்கரைக்கும், ஓர் அளவு முடியும் இடத்திற்கும் தமிழில் ‘வரம்பு’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. பொதுவழக்கில் இது தெளிவாகவே நிற்கிறது. ஆயினும் கட்டுப்பாட்டியல் என்னும் பொறியியல் துறையைத் தமிழில் எடுத்துரைக்குங்கால், இவ்வொரு சொல் போதுமா என்னும் வினா எழுகிறது. அத்துறையின் வரலாறே இதற்கு விடை கூறுகிறது.

1892ஆம் ஆண்டில் ரஷ்யக் கணித அறிஞர் அலெக்சாந்தர் லியாப்புனோவ், இயக்கத்தின் நிலைத்தன்மை பற்றிய தம் ஆய்வேட்டைக் கார்கோவ் நகரில் வெளியிட்டார். சமன்பாடுகளை முற்றத் தீர்க்காமலேயே, ஆற்றலை ஒத்த ஓர் அளவு இடையறாது குறைவதைக் காட்டி நிலைத்தன்மையை நிறுவலாம் என்பது அவர் கண்ட நெறி. கிண்ணத்துள் உருளும் கோலிக்குண்டு உராய்வால் ஆற்றல் இழந்து அடியில் அமைவதை இதற்கு உவமையாகக் கொள்ளலாம். விளிம்பைக் கடந்த குண்டோ மீள்வதில்லை. ஆகவே நேரியல்பற்ற அமைப்புகளில் ‘நிலையானதா?’ என்று வினவினால் மட்டும் போதாது, ‘எதுவரை?’ என்றும் வினவுதல் வேண்டும்.

இயல்பாகவே நிலையற்ற அமைப்புக்குக் கட்டுப்பாடே கிண்ணத்தை அமைத்துத் தருகிறது. கட்டுப்படுத்தும் கருவியின் வலிமைக்கு முடிவு உண்டாதலின், அக்கிண்ணத்தின் அகலத்திற்கும் முடிவு உண்டு. இதனை அமெரிக்க அறிஞர் குந்தர் ஸ்டைன் 1989இல் ஆற்றிய பொழிவில் வலியுறுத்தினார்.

நான்கு ஆண்டுகளுக்குள் அவ்வுண்மை மக்கள் கண்முன்னே மெய்ப்பட்டது. சுவீடனின் கிரிப்பென் போர் வானூர்தி, விரைந்து திரும்பும் பொருட்டு நிலையற்றதாகவே வடிவமைக்கப்பட்டது. கணினி கட்டுப்பாட்டுத் தகடுகளை ஓயாது அசைத்து அதனை நிலைநிறுத்தியது. 1993 ஆகஸ்ட் 8 அன்று, ஸ்டாக்ஹோம் நீர்விழாவில், விமானி இயக்குகோலை விரைந்தும் மிகுத்தும் அசைத்தார். தகடுகள் தம் உச்ச விரைவை எட்டின. கட்டளைக்குப் பின்தங்கியே அவை அசைந்தமையால், திருத்தம் ஒவ்வொன்றும் பிறழ்வை வளர்த்தது. விமானி வெளியேறி உயிர் பிழைத்தார். வானூர்தி லோங்ஹோல்மன் தீவில் வீழ்ந்தது. மக்கள் திரண்டிருந்த நகரில் எவரும் உயிரிழக்காதது நற்பேறே.

இதனின்று நாம் பெறும் சொல்லாய்வுப் பாடம் ஒன்றுண்டு. கருவியின் உச்ச அளவு ‘வரம்பு’. மீண்டு வரத்தக்க நிலைகளின் விளிம்பு ‘காப்பெல்லை’. முன்னது கருவியிலேயே அமைந்தது. பின்னது அதனைக் கொண்டு கணித்தறியப்படுவது. வேகம், உயரம், சாய்வு ஆகியன தனித்தனியே தத்தம் வரம்பினுள் இருந்தும், அவை சேர்ந்தமைந்த நிலை காப்பெல்லையைக் கடந்திருக்கலாம். இரண்டையும் ஒரே சொல்லாற் கற்பித்தால், மாணவர்க்கு இவ்வேறுபாடு புலனாகாது.