மாலை சூடிய மாடு சொல்லும் கணக்கு

நாட்டு வழக்கங்களைக் காட்டும் முத்திரை வரிசையில், 1991இல் ஒஸ்திரிய அஞ்சல் துறை டிரோல் மாநிலத்தின் மாடிறக்கத்துக்கு ஒரு முத்திரை வெளியிட்டது. கோடை முழுக்க அல்ப்ஸ் மலையின் உயர்ந்த புல்வெளிகளில் மேய்ந்த மாடுகள், இலையுதிர்காலம் தொடங்கும்போது தலையில் பூமுடியும் கழுத்தில் பெருமணியுமாக ஊருக்கு இறங்கி வரும் நாளைக் கொண்டாடும் முத்திரை அது. என்னிடம் உள்ள முத்திரைகளில் எனக்கு மிகப் பிடித்தவற்றுள் ஒன்று. சுவிஸில் தூண் ஏரிப் பக்கம் நெடுங்காலம் வாழ்ந்து, இத்தகைய ஊர்வலங்களைத் தெருவோரம் நின்று பார்த்துப் பழகியவன் என்பதால், அந்தப் பூமுடியை ஒரு கணக்காகவே வாசிக்கிறேன்.

எங்கள் ஊரில் பட்டிப்பொங்கலன்று கொட்டிலில் நிற்கும் எல்லா மாட்டுக்கும் மாலை விழும். அல்ப்ஸின் பல இடங்களில் மாலைக்கு ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் கோடையில் பட்டியில் ஒரு மாடும் சாகாமல் இருந்திருக்க வேண்டும். உடையவர் வீட்டிலும் சாவு நிகழ்ந்திருக்கக் கூடாது. பாறையில் வழுக்கி ஒரு நாகு விழுந்திருந்தாலும், இடி விழுந்து ஒரு பசு செத்திருந்தாலும், பூ இல்லாமலே மந்தை இறங்கும். தெருவில் நிற்பவர்கள் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. வெறுந்தலையோடு வரும் மாடுகளைப் பார்த்ததும் ஊருக்குச் செய்தி விளங்கிவிடும்.

ஜேர்மனியின் பெர்க்டெஸ்காடன் பகுதியில் இந்த முடியைச் செய்வதே ஒரு கைவேலை. ஊசியிலை மரத்தின் நுனியை வெட்டியெடுத்து, அதன் கிளைகளை வளைத்துக் கட்டி, சாயமேற்றிய மெல்லிய மரச்சீவல்களால் பூவும் நாடாவும் செய்து சுற்றுவார்கள். அங்குள்ள கோனிக்ஸ் ஏரியின் மறுமுனையிலிருந்து ஊருக்கு வரச் சாலை கிடையாது. மாடுகளைத் தட்டையான படகுகளில் ஏற்றி ஏரியைக் கடக்கிறார்கள். கரையேறிய பிறகுதான் முடி சூட்டுவார்கள். கடைசி ஆபத்தும் கடந்த பின்னரே கணக்கை முடிப்பது அவர்கள் முறை.

இவ்வளவு ஆபத்துக்கிடையில் மாட்டை ஏன் மலைக்கு அனுப்ப வேண்டும்? காரணம் பனிக்காலம். பள்ளத்தாக்கில் மாடு மாதக்கணக்கில் கொட்டிலுக்குள் அடைந்து கிடக்கும். அதற்கு வேண்டிய உலர்புல்லைக் கோடையில் கீழ் வயல்களில் வெட்டிக் காயவைத்துச் சேர்க்க வேண்டும். அந்தப் புல்லை மாடு கோடையிலேயே மேய்ந்துவிட்டால் பனிக்காலத்தில் பட்டினிதான். ஆகவே பனி உருக உருக மாடுகள் படிப்படியாக மேலேறும். முதலில் நடுமலைப் புல்வெளி, பிறகு உச்சி மேய்ச்சல்நிலமான அல்ப். அங்கே ஏறத்தாழ 100 நாள். இன்றும் சுவிஸ் அரசு மேய்ச்சலை அளக்கும் அலகு இதிலிருந்து வந்ததுதான்: ஒரு வளர்ந்த பசு 100 நாள் மேய்வது ஓர் அலகு.

மத்தியகாலத்தின் பிற்பகுதியில் வட அல்ப்ஸ் விவசாயிகள் தானியச் செய்கையைக் குறைத்துக்கொண்டு மாட்டுக்கு மாறினார்கள். மழையும் குளிரும் மிகுந்த சரிவில் தானியத்தைவிடப் புல் நம்பகமானது. கொழுத்த மாடுகளைக் கணவாய்கள் வழியே ஓட்டிச் சென்று வட இத்தாலியின் லொம்பார்டிச் சந்தைகளில் விற்றார்கள். பின்னர் நெடுநாள் கெடாத கடினமான சீஸ் வட்டுகளும் அதே வழியில் போயின. மலைப்புல் பணமாகியதும் அதற்குச் சண்டையும் வந்தது. மேய்ச்சல் எல்லை குறித்து இன்றைய சுவிஸின் நடுப்பகுதியிலுள்ள ஷ்விஸ் பள்ளத்தாக்கு மக்களுக்கும் ஐன்ஸீடெல்ன் மடத்துக்கும் நெடுங்காலம் நீடித்த வழக்கு, 1314 ஜனவரியில் மடத்தின் மீதான தாக்குதலாக வெடித்தது. மடத்தின் பாதுகாவலர்கள் ஒஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பேர்க் குடும்பத்தினர். 1315 நவம்பர் 15இல் அவர்களுக்கும் ஷ்விஸ் மக்களுக்கும் மோர்கார்ட்டனில் நடந்த போருக்கு இந்தப் பூசலும் ஒரு காரணம். சுவிஸ் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் அந்தப் போரின் பின்னணியில் மாடு மேய்க்கும் உரிமையும் இருந்தது.

சண்டை ஓய்ந்த இடங்களில் எண்ணிக்கை ஒழுங்கு வந்தது. ஓர் அல்ப் எத்தனை மாட்டைத் தாங்கும், அதில் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை பங்கு என்று எழுதிவைத்தார்கள். ஊரார் பலரின் மாடுகளைச் சில மேய்ப்பர்கள் ஏற்றுக்கொண்டு மேலே போவார்கள். பால் எல்லாம் ஒரே செப்புக் கொப்பரையில் விழும். அப்படியானால் யாருடைய பால் எது, யாருடைய சீஸ் எது?

இந்தக் கேள்விக்கான விடையை எங்கள் ஏரிக்கு மேலேயுள்ள யூஸ்டிஸ் பள்ளத்தாக்கில் செப்டெம்பர்தோறும் கண்ணால் காணலாம். மரக் களஞ்சியங்களில் கோடை முழுக்க முதிர்ந்த சீஸ் வட்டுகளை ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றி வெளியே எடுத்து, சம மதிப்புள்ள அடுக்குகளாக அடுக்குவார்கள். எந்தப் பசு எவ்வளவு பால் தந்தது என்று முன்பே அளந்து பதிந்திருக்கும். அதன்படி ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு தீர்மானமாகும். எந்த அடுக்கு யாருக்கு என்பதைச் சீட்டு முடிவு செய்யும். உரத்த பேச்சில்லை, பேரமில்லை. பங்கைப் பெற்றவர் வட்டைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து, வண்டியில் ஏற்றுகிறார். அதன் பிறகே அலங்கரித்த மாடுகள் இறங்குகின்றன. உணவகச் சமையலறையில் சீஸை வெட்டியும் துருவியும் காலம் கழித்த எனக்கு, அதன் விலைக்குப் பின்னால் இருக்கும் நேர்மை அங்கேதான் புரிந்தது.

ஊர்வலமும் பல இடங்களில் ஒழுங்கு மாறாதது. சுவிஸின் அப்பென்செல் பகுதியில் முதலில் வெள்ளை ஆடுகளோடு சிறுவர் சிறுமியர் வருவர். அடுத்து மஞ்சள் காற்சட்டை அணிந்த மேய்ப்பர், தோளில் மரப் பால்வாளியுடன். அவருக்குப் பின்னால் பெருமணி கட்டிய மூன்று பசுக்கள், பிறகு மந்தை. கடைசியில் சீஸ் செய்யும் மரப் பாத்திரங்கள் ஏற்றிய குதிரைவண்டி. போன மனிதர், போன கால்நடை, போன பொருள் எல்லாம் திரும்பிவிட்டன என்று ஊர் முன்னால் ஒப்புவிக்கும் வரிசை அது.

இத்தகைய மந்தை வரிசையைப் படமாக்கும் பழக்கம் முத்திரைக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் சுவிஸின் கிரியேர் பகுதி விவசாயிகள், தங்கள் மந்தை மலையேறும் காட்சியை நீண்ட பலகைகளில் தீட்டி வீட்டு முகப்பில் மாட்டினார்கள். அதே நூற்றாண்டில் அப்பென்செலில் பார்த்தலோமேயுஸ் லெம்லர் போன்ற நாட்டுப்புற ஓவியர்கள் மாடுகளை ஒவ்வொன்றாக, நிறமும் புள்ளியும் தெரிய வரைந்தார்கள். படம் வரையச் சொன்னவருக்கு ஒவ்வொரு மாடும் சொத்து. அந்த நீண்ட பலகையின் கடைசி வாரிசாகவே என் முத்திரையைக் கருதுகிறேன்.

இன்று பல மாடுகள் லொறியில் இறங்குகின்றன. ஊர்வல நாளில் உள்ளூராரைவிடச் சுற்றுலாப் பயணிகள் அதிகம் நிற்கும் ஊர்களும் உண்டு. அதனால் இது வெறும் காட்சியாகிவிட்டது என்று சொல்வோரோடு நான் உடன்படவில்லை. மாடு ஏறாத அல்ப்பில் சில வருடங்களில் புதர் மண்டி, பிறகு காடு மூடிவிடும். லெத்திவா என்னும் சுவிஸ் சீஸை இன்றும் மே 10 முதல் ஒக்டோபர் 10 வரை மட்டும், மலையிலேயே, விறகடுப்பில் காய்ச்சுகிறார்கள். 2023 டிசம்பரில் யுனெஸ்கோ சுவிஸின் அல்ப் மேய்ச்சல் பருவத்தை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இந்த வேலை முழுவதையும் சேர்த்தே மதித்தது.

சுவிஸில் வளரும் நம் பிள்ளைகளை ஒரு செப்டெம்பரில் யூஸ்டிஸுக்கோ அப்பென்செலுக்கோ கூட்டிப்போங்கள். சீஸ் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை முதலில் காட்டுங்கள், பிறகு மாடுகளைக் காட்டுங்கள். திரும்பும்போது மேய்ப்பரிடமே ஒரு துண்டு அல்ப் சீஸ் வாங்குங்கள். அந்தக் காசுதான் அடுத்த கோடையிலும் மாட்டை மலையேற்றும்.