'லெதார்ஜிக்': சோர்வும் சோம்பலும் ஒன்றல்ல

'லெதார்ஜிக்' என்னும் ஆங்கிலப் பெயரடை, உடலும் உள்ளமும் ஊக்கம் குன்றி மந்தமுற்றிருக்கும் நிலையைக் குறிப்பதாகும். மறதி எனப் பொருள்படும் 'லேதே' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர். கிரேக்கப் புராணத்தில் மறுவுலகின் மறதி ஆற்றுக்கும் அதுவே பெயர். காய்ச்சலுக்குப் பின் ஒருவர் 'லெதார்ஜிக்' ஆக உணரலாம். விற்பனை மந்தமான சந்தையையும் அவ்வாறு கூறலாம்.

நம்மிற் பலர் இதனை 'லேசி' என்பதற்கு ஈடாக வழங்குகின்றனர். அது பொருந்தாது. 'லேசி' என்பது இயலுமாயிருந்தும் செய்ய மனமில்லாதவரைக் குறிக்கும்; குணத்தின் மீது கூறும் தீர்ப்பு அது. 'டயர்ட்' என்பது களைப்பு. பெரும்பாலும் ஓய்வினால் தீரும். 'லெதார்ஜிக்' நிலையைக் கூறுகின்றதேயன்றிக் காரணத்தைக் கூறுவதில்லை.

இவ்வேறுபாடு நமக்குப் புதிதன்று. வள்ளுவர் சோம்பலை 'மடியின்மை' அதிகாரத்திலும் நோயை 'மருந்து' அதிகாரத்திலும் வெவ்வேறாக வைத்தார். நபிகளார் கற்பித்த பிரார்த்தனையிலும் இயலாமையைக் குறிக்கும் 'அஜ்ஸ்', சோம்பலைக் குறிக்கும் 'கஸல்' என இரண்டும் தனித்தனியே இடம்பெறுகின்றன.

திம்புள்ளத் தோட்டங்களில் இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பெரட்டுக்குப் பிந்தி வருகின்ற, கொழுந்து நிறை குறைகின்ற பெண்ணைச் சோம்பேறி என்பது எளிது. அவர் குருதிச்சோகையுற்றவராகவும் இருக்கலாம். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரையறை. உணவோடு அருந்தும் தேநீர், இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கின்றது என்பதையும் தேயிலை நாட்டவராகிய நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகும் கொக்கிப்புழு, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுவது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் அதற்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயரிட்டன. சோம்பேறிகள் எனப் பழிக்கப்பட்டோர் பலர் உண்மையில் நோயாளிகள் என்பது அப்போது வெளியாயிற்று. 1910களில் றொக்பெல்லர் மன்றம் இலங்கைத் தோட்டங்களிலும் அப்புழுவை ஒழிக்கும் பணியை மேற்கொண்டது.

ஆகவே, வகுப்பில் தூங்கும் பிள்ளையையோ மலையில் பின்தங்கும் தாயையோ 'லேசி' என எழுதுமுன் ஒரு குருதிப் பரிசோதனைக்கு வழி செய்வோம். தவறான சொல் வைத்தியத்தையே தடுத்துவிடக்கூடும்.